வெட்டாமல் விட்ட மரம்

அன்புள்ள லூசினெய்டுக்கு,

நான் சுகம். அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

நேற்று மரம் வெட்டும் வேலைக்கு லாரியில் வரும்போது, மூன்று வருடத்துக்கு முன் நாங்கள் அழித்த காட்டைப் பார்த்தேன். இப்போது அங்கே மாடு மேய்கிறது. நடுவில் அந்தக் கிழட்டுக் கஸ்தான்யாக் கொட்டை மரம் மட்டும் நிற்கிறது. அதை வெட்டினால் சட்டம் பிடிக்கும் என்று விட்டிருந்தோம். அந்தக் கொட்டையைப் பொறுக்கி விற்றுத்தானே உன் அப்பா உங்களை வளர்த்தார்? இப்போது ஒரு காய் இல்லை. பூவுக்கு வரும் தேனீ, நாங்கள் வெட்டிய காட்டோடு போய்விட்டது.

மேஸ்திரி ஜெனேசியோவிடம் சொன்னேன். "நாம அது மேல கையே வைக்கலையேப்பா. காய்க்கலைன்னா அதோட திமிரு" என்றார்.

மரவள்ளி மாவு கொடுத்தனுப்பு. சின்னவளின் பாதத்தைத் தாளில் வரைந்து அனுப்பு, செருப்பு வாங்க அளவு தெரியவில்லை.

லாரி கிளம்புகிறது. கவலைப்படாதே. என் மேலும் இங்கே யாரும் கை வைக்கவில்லை.

எதிவான்