குழாயில் உடைந்த குமிழிகள்

ஹெல்சிங்கி, நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்தான்.

பாடுவதற்கு முன் குரலைப் பதப்படுத்த, தண்ணீரில் கண்ணாடிக் குழாயை விட்டு ‘ஊ’ என்று இழுப்போம் அல்லவா? நேற்று பாட்டு வகுப்பில் எல்லாருக்கும் குமிழிகள் சீராக வந்தன. எனக்கு மட்டும் விட்டுவிட்டு வந்தன.

“என்னடி, உள்ள தவளை வளக்கிறியா?” என்றாள் பக்கத்தில் நின்ற பிர்க்கோ. எல்லாரும் சிரித்தோம். ஆசிரியை ஹெல்வி மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டார்.

“டாக்டர் பாக்கிற வரைக்கும் வாயே திறக்காதம்மா.”

வெறும் சளியாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யாதீர்கள், எழுதுங்கள். என் கம்பளி மப்ளரை அனுப்புங்கள்.

தபால்காரர் வந்துவிட்டார். ஒன்று மட்டும் அப்பா: ரேடியோவில் வரும் கடல் வானிலை அறிக்கையை, நான் பாடிய கேசட்டின் மேல் பதிவு செய்துவிடாதீர்கள்.

டூலிக்கி