புகைந்த லைனில் நீ மட்டும்

அண்ணா,

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இன்று காலை வெந்நீர் அடுப்புக்கு ஈரக் கட்டையைச் செருகிவிட்டார்கள். தீயும் பிடிக்காமல், அணையவும் அணையாமல், அது புகைந்து புகைந்து என் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு அழுகை வருமோ என்னவோ, எனக்குக் கோபம்தான் வருகிறது. உன் மாப்பிள்ளை பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "யாரைத் திட்ற?" என்றார். "வேற யாரை?" என்றேன். அவர் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார். பழகிப்போன மனிதர்.

சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளான நம் லைனுக்கு அடியில் எப்படித் தீப்பிடித்தது என்று இன்றுவரை யாருக்கும் சரியாகத் தெரியாது. எந்தக் காலத்திலோ தங்கம் எடுத்து முடித்துக் கைவிட்ட லெவல்கள், பழைய சுரங்கப்பாதைகள், அங்கே இருந்தன. நம் வீடுகளுக்கு நேர் கீழே, அதிக ஆழமில்லாமல் ஓடின. பாறை சரியாமல் இருக்க உள்ளே முட்டுக்கொடுத்திருந்த கட்டைகள் எப்படியோ பற்றிக்கொண்டுவிட்டன. முதலில் குழாயடிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குத் தரையில் ஒரு வெடிப்பு. பிறகு அதிலிருந்து மெல்லியதாகப் புகை. மார்கழிக் குளிரில் லைனில் இருந்த பூனைகள் எல்லாம் அந்த வெடிப்பைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. அதற்குப் பிறகுதான் சுரங்க ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள், கயிறு கட்டினார்கள், எல்லாரையும் வேறு லைன்களுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டு வரிசை வீடுகளும் மளமளவென்று காலியாயின. நீ ஒருத்தன் மட்டும் அசையவில்லை.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேனே, அந்த நடையை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. ராபர்ட்சன்பேட்டையில் பஸ் மாறி இறங்கி, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்குப் பக்கத்தில் நடந்தால் காற்றில் மண் பறந்து பல்லில் நறநறக்கும். லைனுக்குள் நுழைந்தால் மனித வாடையே இருக்காது. கதவுகள் திறந்தபடி கிடக்கும். ஒரு வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் இறக்கப்படாமல் காகிதம் கிழிந்து தொங்கியது. எந்நேரமும் சண்டையும் ரேடியோவுமாக இருந்த இடம். குழாயடியில் குடம் இடித்ததற்கு நாம் பேசாத பேச்சா? அங்கே என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. கடைசி வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நீ மட்டும், ஏதோ ஊரே இருப்பது மாதிரி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்தவர்கள் வாசலையும் சேர்த்துப் பெருக்கிக்கொண்டிருப்பாய்.

"இன்னா, மூட்டை கட்டிட்டியா?" என்று முதல் வாரம் கேட்டேன்.

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்கா? கீழ எரியுது."

"ஈரக் கட்டை எரியாதும்மா. அதெல்லாம் நான் வச்ச கட்டை. எனக்குத் தெரியாதா?"

இதுதான் உன் வாதம். வேலையில் சேர்ந்ததிலிருந்து ரிட்டையர் ஆகும் வரை நீ டிம்பர்மேன். சுரங்கத்துக்குள் கட்டை முட்டுக்கொடுப்பது உன் வேலை. ஆகவே உன் கையால் வைத்த கட்டை உன்னைக் கேட்காமல் எரியாது. வெளியே வருவது புகை இல்லை, ஆவி. அப்படியென்றால் ஏன் வாசனை அடிக்கிறது என்றால், "உன் மூக்குலதான் கோளாறு" என்றாய். அதோடு விட்டாயா? உன் வீட்டுப் பின்புறம் வரை நீண்டுவிட்ட வெடிப்புக்குப் பக்கத்தில் மண்ணைத் தோண்டி ஒரு குண்டானைப் புதைத்து, அதில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாய். "தொட்டுப் பாரு. விறகு வேணாம், மண்ணெண்ணெய் வேணாம்" என்று மார்தட்டிக்கொண்டாய். பக்கத்தில் முறத்தில் மிளகாய் வேறு காய்ந்துகொண்டிருந்தது. ஊரே பயந்து ஓடிய இடத்தில் நீ குளிக்க வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாய். உன்னை என்ன செய்வது?

என் பயம் ஒன்றே ஒன்றுதான். உன் மாப்பிள்ளை தொழிற்சாலையில் வெல்டர், அவருக்குக் காற்றைப் பற்றித் தெரியும். புகை கண்ணுக்குத் தெரிந்தால்கூடப் பரவாயில்லை, நிறமும் வாசனையும் இல்லாத ஒரு காற்று வரும், தூங்குகிற ஆளை எழுப்பாமலே முடித்துவிடும் என்று சொல்லியிருந்தார். அண்ணி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை குட்டி கிடையாது, அக்கம்பக்கமும் இல்லை. திங்கட்கிழமை நீ மூச்சு நின்று கிடந்தால் அடுத்த ஞாயிறு நான் வந்து கதவைத் தட்டும் வரை யாருக்கும் தெரியாது. இதை நினைத்துக்கொண்டு நான் வாரம் முழுக்கச் சோறு வடித்தேன். உனக்கு அது புரிந்ததா? "பாத்திரம் ஆடலையே" என்றாய்.

நம் ஊரை அறியாதவர்களுக்கு இந்தப் பேச்சு பைத்தியக்காரத்தனமாக இருக்கும். ஆழத்தில் பாறை இறுக்கம் தாங்காமல் தானாக வெடிப்பதை நாம் ஏர் பிளாஸ்ட் என்போம். கீழே வெடித்தால் மேலே வீடு குலுங்கும், சுவர்த் தட்டில் அடுக்கிய பாத்திரம் ஆடும். டம்ளர் மட்டும் கிணுகிணுத்தால் சின்னது, திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். குண்டானும் தவலையும் ஆடினால் பெரிது. மற்றப் பெண்கள் தூக்கம் கெடாமல் இருக்கப் பாத்திரங்களைத் தள்ளித் தள்ளி அடுக்குவார்கள். நீயோ ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் உரசும்படி அடுக்கி வைப்பாய், ஒரு ஆட்டத்தையும் தவறவிடக் கூடாதாம். பூமிக்கு அடியில் எது நடந்தாலும் பாத்திரம் சொல்லிவிடும் என்று நம்பினாய். தீ பாத்திரத்தை ஆட்டாது அண்ணா, அது பாட்டுக்கு எரியும் என்று எத்தனை முறை சொன்னேன்? "ஆடட்டும், அப்ப வர்றேன்" என்றாய்.

இன்னொரு காரணமும் வைத்திருந்தாய், அதைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். "போனவங்க எல்லாம் சும்னே பயந்துகினு போயிருக்காங்க. வந்துடுவாங்க. வரும்போது லைன்ல ஒரு ஆளாவது இருக்க வேணாமா?" என்றாய். அவர்கள் புது லைனில் அடுப்பு போட்டு, ரேஷன் கார்டையும் மாற்றியாகிவிட்டது. பக்கத்து வீட்டு அந்தோணியம்மா பஜாரில் என்னைப் பார்த்து, "உங்க அண்ணனைக் கூட்டினு போங்க, எனக்கு ராத்திரி தூக்கம் வர்லை" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நீ என்னடாவென்றால் அவள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

ஒரு ஞாயிறு நீ இருமிக்கொண்டே கதவைத் திறந்தாய். கண் சிவந்திருந்தது. தலை வலிக்கிறது என்று சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை. காலையிலிருந்தே வலியா என்றால், தினமும் எழுந்திருக்கும்போது இப்படித்தான் என்றாய். இனிப் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. "பக்கத்துல போய் கறிவேப்பிலை பறிச்சினு வர்றேன்" என்று சொல்லிவிட்டு அந்தோணியம்மா வீட்டுக்குள் போனேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தானே. தூக்க முடியாமல் அவள் விட்டுப்போன ஆட்டுக்கல் மூலையில் கிடந்தது. அதன் குழவியை இரண்டு கையாலும் தூக்கினேன். உன் பாத்திரத் தட்டு எந்த இடத்தில் அடித்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். அந்த இடத்தில் பலங்கொண்ட மட்டும் இடித்தேன். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. அந்தப் பக்கம் உன் பாத்திரங்கள் கலகலவென்று ஆடிய சத்தம் எனக்குத் தேவாமிர்தமாக இருந்தது. பயந்துபோய் வெளியே வருவாய், கையைப் பிடித்துப் பஸ்ஸுக்கு இழுத்துப் போய்விடலாம் என்பதுதான் என் திட்டம்.

நீ வெளியே வந்தாய். ஆனால் ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. கயிற்றைத் தாண்டி, புகைகிற பக்கமாக, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டைப் பார்த்து ஓடினாய்.

லைனில் பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கே அது மறந்துபோயிருந்தது பார். பெரிய பிளாஸ்ட் வந்தால் நம் ஜனம் எங்கே ஓடும்? உயிருக்குப் பயந்து தள்ளி ஓடுகிற வழக்கம் நம்மிடம் எங்கே இருந்தது? யார் கீழே ஷிஃப்டில் இருக்கிறார்கள், யார் மேலே வருகிறார்கள் என்று பார்க்க ஷாஃப்ட் வாசலுக்குத்தான் ஓடும். அடுப்பில் குழம்பு கொதிக்கும், பிள்ளை அழும், அப்படியே விட்டுவிட்டு ஓடும். கூண்டு மேலே வந்து கடைசி ஆள் இறங்கும் வரை அங்கே யாரும் உட்காரவும் மாட்டார்கள். அப்பா கீழே இருந்த நாட்களில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நாமும் நின்றிருக்கிறோம். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வாழ்க்கைப்பட்டு வந்து என் கால் அதை மறந்துவிட்டது. உன் கால் மறக்கவில்லை.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உன் பின்னால் ஓடி வந்தேன். தரை செருப்பையும் தாண்டிச் சுட்டது. "அண்ணா, நில்லு" என்று கத்த வாயைத் திறந்தால் புகை தொண்டையை அடைத்தது. எந்த இடத்தில் மண் உள்வாங்குமோ என்று எனக்கு உயிரே இல்லை. முட்டி வலி என்று குழாயடி வரை நடக்க முனகுகிற நீ, அன்றைக்கு வாலிபன் மாதிரி ஓடினாய். மூடிக் கிடந்த அந்தப் பழைய ஷாஃப்டின் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாய். மூச்சு இரைத்தது. இடது பக்கம் பார்த்தாய், வலது பக்கம் பார்த்தாய், லைனிலிருந்து வரும் பாதையைப் பார்த்தாய்.

"யாரும் வரலையே" என்றாய்.

அப்புறம் வேலியிலிருந்து கையை எடுத்து என் கையைப் பார்த்தாய். அதில் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"நீதான் இடிச்சியா?"

"ஆமா."

"கீழ்த் தட்டுதான் ஆடிச்சு. பிளாஸ்ட்டுன்னா மேல் தட்டுதான் முதல்ல ஆடும். எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா இன்னாத்துக்கு ஓடின?"

"கால் ஓடிப்போச்சு. நான் இன்னா பண்றது?"

கொஞ்ச நேரம் இருமினாய். பிறகு, "நட, பஸ்ஸு போய்டப் போவுது" என்றாய். இவ்வளவுதான். நான் வாரக்கணக்கில் அழுது, கெஞ்சி, சண்டை போட்டு நடக்காத காரியம் அந்த ஒரு நிமிடத்தில் நடந்தது. மாற்றுச் சட்டைகூட எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு உன் மாப்பிள்ளைதான் வாயில் ஈரத் துணியைக் கட்டிக்கொண்டு போய்ப் பாத்திரங்களை அள்ளி வந்தார். மழைக்காலம் தொடங்கியதும் உன் வீட்டுப் பின்புறம், நீ வெந்நீர்க் குண்டான் புதைத்த இடம், அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அதைச் சொன்னபோது நீ என்ன சொன்னாய் தெரியுமா? "ஆள் இல்லாத வீடு, அதான் இறங்கிச்சு. நான் இருந்திருந்தா இறங்கியிருக்காது." நான் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து போனேன்.

அதற்குப் பிறகு என் வீட்டில் நீ இருந்த வருடங்கள் மட்டும் சும்மாவா போயின? குவார்ட்டர்ஸ் சுவர் தடிமன், பாத்திரம் செத்துக் கிடக்கிறது என்பாய். இங்கே பக்கத்து வீட்டுக்காரன் ஷிஃப்டு முடிந்து வந்தானா இல்லையா என்றுகூட யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பாய். ஞாயிற்றுக்கிழமை ஆனால் லைனைப் பார்த்தே ஆக வேண்டும். நான்தான் கூட வர வேண்டும், எந்த இடத்திலிருந்து உன்னை மீட்டு வந்தேனோ அதே இடத்துக்கு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, காவலுக்கு இருந்த கன்னடக்காரரிடம் எந்த வீடு யாருடையது என்று வரிசையாகச் சொல்வாய். அவரும் பாவம், வாராவாரம் புதிதாகக் கேட்பது போலத் தலையாட்டுவார். எனக்குக் கால் கடுக்கும்.

எல்லாவற்றையும் பொறுத்தேன், ஒன்றே ஒன்றுக்காக. நீ தனியாகச் சாகக் கூடாது. அதற்காகத்தான் உன்னை அங்கிருந்து பிடுங்கி வந்தேன். உன் இருமல் முற்றிய பிறகு நான் கோயிலுக்குக்கூட நிம்மதியாகப் போனதில்லை. கடைசியில் என்ன செய்தாய்? ஆட்டுக்கால் சூப் வேண்டும் என்று காலையிலிருந்து நச்சரித்தாய். நேற்றுத்தானே குடித்தாய் என்றேன். "அது சூப்பா?" என்றாய். கோபத்தில் பையை எடுத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்குப் போனேன். நான் ஆட்டுக்காலோடு திரும்பி வருவதற்குள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டிருந்தாய். வீட்டில் யாருமே இல்லை. என் காவல் முழுவதையும் ஒரு சூப்புக்குக் கெடுத்தாயே, உனக்கு நியாயமாக இருக்கிறதா?

சேதி எப்படிப் பரவியது என்று எனக்குத் தெரியாது. உன் மாப்பிள்ளை ஒரு கடைக்குத்தான் போன் செய்தார். சாயங்காலத்துக்குள் நம் லைன் மொத்தமும் வந்துவிட்டது. பக்கத்திலேயே பாலகாட் லைனில் குடியேறியவர்கள் வந்தார்கள், பெங்களூருக்குப் பிழைக்கப் போனவர்கள் ரயில் பிடித்து வந்தார்கள். அப்போது சுரங்கம் இன்னும் மூடவில்லை, சில பேர் ஷிஃப்டு முடிந்து பூட்ஸ் மண்ணோடு நேராக வந்தார்கள். அந்தோணியம்மா உன் காலடியில் நின்று, "கறிவேப்பிலைக்குத் தண்ணி ஊத்தினியாமே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். குவார்ட்டர்ஸ்காரர்கள் நல்ல மனதோடு வாடகை நாற்காலி கொண்டுவந்து வரிசையாகப் போட்டார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை. உன்னைத் தூக்கும் வரை தெரு நிறைய நின்றுகொண்டேயிருந்தார்கள். ஏன் உட்கார மாட்டேன் என்கிறார்கள் என்று எதிர்வீட்டம்மா என்னைக் கேட்டாள். நானும் எழுந்து அவர்களோடு நின்றேன்.

எல்லாரும் வந்தார்கள் அண்ணா. அதைப் பார்க்க நீ இல்லை, அதுவும் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அதைவிடப் பெரிய ஆத்திரம் ஒன்று இருக்கிறது, அது இன்னும் ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை. அன்றைக்கு அந்த ஷாஃப்ட் வேலியில் நின்று யாரும் வரலையே என்றாயே, அப்போது உன் பின்னால் செருப்பு தீய, மூச்சு வாங்க நின்றது யார்?

நான் வந்திருந்தேன்.