வண்ணக்கர் தெளித்த மஞ்சள் தண்ணீர்

ஆவணி, வெள்ளிக்கிழமை

வேட்டைத் திருவிழாவில் சுவாமியின் வில்லுக்கு அம்புக் கம்பு தெரிவு செய்வது என் கணவரின் உரிமை. அவருக்குக் கண் மங்கிய பிறகு நான்தான் வீட்டில் பார்த்துக் கொடுத்தேன். அவர் போனபின் வரும் முதல் திருவிழா இது.

கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கராக இருக்கும் அவருடைய தம்பி இன்று ஒரு கட்டு விண்ணாங்கு மரக் கம்போடு வந்தார்.

"அண்ணன் இருக்கக்குள்ளயும் நீங்கதானே மச்சாள் பார்த்து எடுத்த. எடுத்துத் தாங்க. வெளிய மட்டும் கதைக்க வேணாம்."

"ஏன்?"

"கொன்வென்ட்ல படிச்ச ஆள், விளங்காதா? புருஷன் இல்லாத கை பட்டதெண்டா சனம் விடுமா?"

கட்டை அவிழ்த்து ஒவ்வொரு கம்பையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், மேசையில் உருட்டினேன், மெல்ல வளைத்தேன். கணு உள்ளதையும் நார் பக்கவாட்டில் ஓடியதையும் ஒதுக்கினேன். அந்தக் கடின வில்லுக்கு இளகிய கம்பு ஆகாது. அம்பு விலகிப் போகும். நல்லவற்றைக் கட்டிக் கொடுத்தேன்.

அவர் வாசல் படலையில் நின்று, கையோடு கொண்டுவந்த போத்தலைத் திறந்து, கம்புகளின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்.

"குறை நினைக்காதீங்க மச்சாள். வழக்கம்தானே."

நனைந்த கட்டை மோட்டார் சைக்கிளில் வைத்து, கொதிக்கும் வெயிலில் போனார். ஈரக் கம்பு வெயில் பட்டால் வளைந்துவிடும். சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

திருவிழாவில் அம்பு விலகினால் வட்டையில் நெல் விளையாது என்று ஊர் பயப்படும். யார் கை பட்டதென்று அன்றைக்கு வண்ணக்கரே வாய் திறப்பார்.

ஆகவே நாளைக் காலையில் நானே அவரை அழைத்து, கம்புகளை நிழலில் தொங்கவிடச் சொல்ல வேண்டும். அதையும் மரியாதையாகச் சொல்ல வேண்டும்.