எதிர் அணியில் ஒருத்தி

கோட்டுச்சேரி,
18.12.2025

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே நானும் அத்தையும் நலம். நீங்கள் நலமா என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. மாஹே தமிழ் ஊழியர் சங்கத்தில் நடந்த பட்டிமன்றத்தை யாரோ யூடியூபில் போட்டு, அது நம் தெரு முழுக்கச் சுற்றிவிட்டு, கடைசியாகத்தான் எனக்கு வந்தது. நன்றாகவே இருக்கிறீர்கள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. சட்டை புதிது போலிருக்கிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீங்கள் பாதியிலேயே பதில் சொல்லிவிடுவீர்கள். இதில் நான் முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும்.

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நெடுங்காட்டில் அப்பாவின் சம்பா போன மழையில் தண்ணீருக்குள் கிடந்தது. வடிந்துவிட்டது, தேறிவிடும் என்கிறார். அத்தைக்கு முழங்கால் வலி விட்டுவிட்டு வருகிறது. டாக்டரிடம் வரமாட்டேன் என்று அதே தைலத்தைத்தான் தேய்த்துக்கொள்கிறார். சிலிண்டர் பதிந்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அணு ஆயுதம் பல நாடுகளுக்கும் பரவினால் உலகத்துக்குப் பாதுகாப்பா, ஆபத்தா என்று தலைப்பு. நீங்கள் பாதுகாப்பு என்ற அணி. உங்களுக்கு எதிரே தமிழ்மொழி என்று ஒரு டீச்சர். பாண்டிச்சேரியிலிருந்து மாற்றலாகி உங்கள் பள்ளிக்கே வந்தவராம். இதையும் நான் வீடியோவின் கீழே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நன்றாகப் பேசுகிறார். நன்றாகப் பேசுகிறாள் என்றே எழுதுகிறேன், கோபத்தில் எனக்கு மரியாதை வரவில்லை.

நீங்கள் பேசியதில் தப்பு இல்லை. உக்ரைன் தன்னிடம் கிடந்த குண்டுகளை விட்டுக் கொடுத்த பிறகுதான் அதன்மேல் படை வந்தது, வைத்திருந்தால் வந்திருக்குமா என்று கேட்டீர்கள். கைதட்டினார்கள். அடுத்து அவள் எழுந்து ஒரு கதை சொன்னாள். ரஷ்யாவில் ஒரு அதிகாரி முன்னால் கம்ப்யூட்டர் எதிரி ஏவுகணை வருகிறது என்று காட்டியதும், அந்த மனிதர் அதை நம்பாமல் பொறுத்திருந்ததும், உலகம் பிழைத்ததும். குண்டு வைத்திருக்கிற எல்லா நாட்டிலும் இப்படி ஒரு நிதானமான ஆள் அன்றைக்கு டியூட்டியில் இருப்பார் என்று யார் உத்தரவாதம் தருவது என்று கேட்டாள். நீங்கள் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தீர்கள்.

அது என்னுடைய கதை. இந்த வீட்டுச் சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டே நான் உங்களுக்குச் சொன்னது. அந்தக் கடைசிக் கேள்விகூட நான் கேட்ட மாதிரியேதான் இருக்கிறது. எப்படி அவள் வாய்க்குப் போனது? உங்களை எதிர்த்துப் பேச என்னிடமிருந்த ஆயுதத்தை எடுத்து நீங்களே அவளுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். ஆயுதப் பரவல் என்றால் என்ன என்று இரண்டு மணி நேரம் விளக்கினீர்களே, இதுதான் அது.

எனக்குப் பொறாமைதான். சுற்றி வளைக்கவில்லை. அவள் உங்கள் அணியில் உட்கார்ந்து உங்களுக்குத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்திருந்தால்கூட நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உங்களை எதிர்த்துப் பேசினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அது என் இடம். காரைக்காலில் முதன்முதலாக நான் உங்களை எதிர்த்துப் பேசிய அன்று, முடிவில் மைக்கைப் பிடித்து, இப்படி ஓர் எதிரி கிடைத்தால் ஆயுசு முழுக்கத் தோற்றுக்கொண்டே இருக்கலாம் என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கழுத்தை நீட்டினேன். மாஹேயில் அவளைப் பார்த்து, இப்படி ஓர் எதிரியிடம் தோற்பதும் சுகம்தான் என்கிறீர்கள். பழைய சரக்குக்குப் புது அட்டை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தைகூட, “ஏன்டி, அந்தப் பொண்ணு பேசறப்ப இவன் ஏன் இப்புடி பல்லக் காட்டுறான்?” என்றார். சமாளிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதைக்கூட விழுங்கிவிடுவேன். அதன் பிறகு நம் வீட்டை மேடைக்கு இழுத்தீர்களே. எங்கள் வீட்டிலும் ஓர் அணுகுண்டு இருக்கிறது, என் மனைவி கோபம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவாள், அதனால் நானும் பேசாமலிருக்கக் கற்றுக்கொண்டேன், இரண்டு பேரிடமும் குண்டு இருப்பதால் இப்போது எங்களுக்குள் சண்டையே கிடையாது என்றீர்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சண்டை கிடையாது, உண்மைதான். நீங்கள் மாஹே போனதிலிருந்து நாம் என்ன பேசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அத்தைக்கு மாத்திரை வாங்கியாயிற்றா, கரண்டு பில் கட்டியாயிற்றா, சாப்பிட்டாயா, வைக்கட்டுமா. ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் எது வெடிக்குமோ என்று இரண்டு பேருக்கும் பயம். இதற்கா பாதுகாப்பு என்று பெயர்? இந்த வருடம் மே மாதச் சண்டையில் நம் நாடு, பாகிஸ்தான் இரண்டிடமும்தான் குண்டு இருந்தது. அந்தப் பெரிய குண்டை யாரும் போடவில்லை. ஆனால் எல்லையோரத்துச் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், செத்தும் போனார்கள். பெரியது விழவில்லை என்பதற்காக அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று சொல்வீர்களா? நானும் நன்றாகத் தூங்கி நாளாகிறது.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் அஞ்சுகத்தைப் பார்த்தேன். அவள் வீட்டுக்காரரும் உங்களோடுதானே மாஹே போனார். காரைக்காலுக்குத் திரும்பி வர விருப்பம் கேட்டுச் சுற்றறிக்கை வந்திருக்கிறதாம், இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டுமாம், அவர் முதல் ஆளாகக் கொடுத்துவிட்டாராம். உங்கள் பாடத்துக்கும் இங்கே இடம் காலி என்றாள். சாரும் கொடுத்திருப்பாருல்ல என்று என் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது திருநள்ளாறு போகிற பஸ், நம் ஊர்ப் பக்கமே வராது. நீங்கள் என்னிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் கேட்கவில்லை. நம் வீட்டு இரண்டு குண்டுகளும் பத்திரமாக இருக்கின்றன.

இதற்கு நடுவில் திருமலைராயன்பட்டினம் வாசகர் வட்டத்துக் கமாலுதீன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வழக்கமாக நம் இரண்டு பேரையும் மேடை ஏற்றுகிறவர், வீடியோவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பொங்கல் விழாவுக்கு அதே தலைப்பு வேண்டுமாம், நீங்களும் அவளும் அப்படியே வந்து பேச வேண்டுமாம். “நீங்க நடுவரா உக்காந்துடுங்கம்மா. சாரு அடக்கமா பேசுவாரு” என்கிறார். மனிதர் வெள்ளை மனசுக்காரர், என் முகம் மாறியதுகூடத் தெரியவில்லை. காபி கொடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன்.

யோசித்துவிட்டேன். அவளை அழைத்து வாருங்கள். எர்ணாகுளம் வந்து ரயில் பிடித்தால் விடிந்து காரைக்காலில் இறங்கிவிடலாம். நம் வீட்டிலேயே தங்கட்டும், நானே சமைத்துப் போடுகிறேன், உப்பு சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவள் உங்கள் அணியில் பேசட்டும். குண்டு நல்லது என்று நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள். உங்களுக்கு எதிரே நான் உட்காருகிறேன். அந்த நாற்காலியை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த விருப்ப மனுவைக் கொடுக்காவிட்டால் நான் என்ன செய்வேன் என்று இந்த இடத்தில் நாலு வரி எழுதினேன். படித்துப் பார்த்து அடித்துவிட்டேன். மிரட்ட என் கையில் இப்போது எதுவும் இல்லை. இனிமேல் பேசாமல் இருக்கவும் மாட்டேன். நீங்கள் வேண்டுமானால் இருந்துகொள்ளுங்கள், நான் தினமும் கூப்பிடுவேன். இருவரில் ஒருவர்தான் முதலில் கீழே வைக்க வேண்டும் என்றால் நான் வைத்துவிட்டேன்.

அங்கே மழை அதிகம் என்கிறார்கள், நனையாமல் இருங்கள். இரவில் தோசையும் டீயுமாக ஓட்டாமல் வேளைக்குச் சாப்பிடுங்கள். மாதம் முடிவதற்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டேன் என்று எனக்குச் சொல்லக்கூட வேண்டாம். அன்றைக்குக் கூப்பிட்டு, எதற்காகவாவது என்னைச் சத்தம் போட்டுத் திட்டுங்கள். நான் புரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உமாமகேஸ்வரி