நிரப்பக் கூடாத பீப்பாய்

ஆர்புவா,
மே மாதம், ஞாயிறு பிற்பகல்

கியூபெக் நகரில் வாழும் என் அன்பு மகள் சொலாஞ்ஜுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியின்றி இருக்க வேண்டும் என்பதே கண்விழித்ததும் நான் வைக்கும் முதல் வேண்டுதல். இங்கும் அனைவரும் நலமே என்றுதான் வழக்கம்போல் எழுத அமர்ந்தேன்; பேனா அதற்கு உடன்படவில்லை. இவ்வாண்டு உறைபனி நம் திராட்சைத் தோட்டத்தைத் தீண்டாமல் போயிற்று, சவன்யான் கொடிகள் செழிப்பாகத் துளிர்த்திருக்கின்றன, என் முழங்கால் வலியும் தணிந்திருக்கிறது. கெட்டது அனைத்தும் உன் தந்தையாரை மட்டுமே தேடி வந்திருக்கிறது.

ஈஸ்டருக்கு மறுநாள், ஆண்டுதோறும் நம் ஒயினை வாங்கும் பொலினி விடுதிக்காரர் கஸ்பார் மதிய உணவுக்கு வந்திருந்தார். கோழியைப் பாலேட்டிலும் ‘மோரெல்’ என்னும் காட்டுக் காளானிலும் வேகவைத்து, மஞ்சள் ஒயின் ஒரு குவளை சேர்த்துச் சமைத்திருந்தேன். அதே ஒயினைக் காலையிலேயே திறந்து காற்றாட விட்டுக் கோழியோடு ஊற்றுவதும், முதிர்ந்த கோம்தே பாலாடைக்கட்டியும் வால்நட்டும் வரும்போது அந்தப் புட்டியை முடிப்பதும் இவ்வீட்டின் ஒழுங்கு என்பதை நீ அறிவாய். உன் தந்தையார் கோழிக்கு ஒன்றுமே ஊற்றவில்லை. இறுதியில் நான் ஸ்ட்ராபெர்ரி கேக்கைக் கொண்டுவந்தபோது, குளிர்பெட்டியிலிருந்து மஞ்சள் ஒயினைச் சில்லென்று எடுத்துவந்து ஊற்றினார். கஸ்பார் விழுந்து விழுந்து சிரித்து, "யோவ் எவாரிஸ்ட், என்னைப் பரீட்சை பண்றியா? இதை இனிப்போட குடிச்சா உங்கப்பா கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துருவாருய்யா!" என்றார். உன் தந்தையாரும் சிரித்தார். ஆனால் சிரிப்பதற்கு முன் என் முகத்தைப் பார்த்தார். என்ன தவறு என்று என்னிடம் கேட்கும் பார்வை அது. ஒருமுறை கீரையில் வினிகர் ஊற்றியதற்காக, "வினிகர் இருக்கிற மேசைக்கு என் ஒயின் வராது" என்று விருந்தினர் முன்னிலையில் என் தட்டையே அகற்றிய மனிதர் அவர்.

வயதின் அசதி என்று தேற்றிக்கொண்டேன். சென்ற வாரம் அந்தத் தேறுதலும் பறிபோயிற்று. சாதாரண வெள்ளை ஒயின் பீப்பாய்களில் குறைந்ததை நிரப்ப அவர் நிலவறைக்குள் இறங்கினார். நெடுநேரமாகியும் மேலே வராததால் நான் இறங்கிப் பார்த்தபோது, கையில் புனலும் குடமுமாக மூலைப் பீப்பாயின் முன் நின்றிருந்தார். உன் திருமண ஆண்டு அறுவடையின் மஞ்சள் ஒயின், மகளே. ஆறு குளிர்காலங்கள் குறைந்ததைக் குறைந்தபடியே விட்டு, பாலில் படிவதுபோல் மேலே படிந்து ஒயினை மஞ்சளாக்கும் அந்த மெல்லிய ஆடை கலையாமல் காத்த பீப்பாய். அதை விளிம்புவரை நிரப்பிவிட்டு, "பாரு க்ளோத்தில்ட், எவ்வளவு குறைஞ்சு கெடந்துச்சு! நான் இல்லேன்னா இந்த வீட்ல இதையெல்லாம் யாரு கவனிப்பா?" என்று பெருமையோடு கேட்டார். ஆடை கிழிந்து மூழ்கிப் போயிருந்தது. "நல்லா பண்ணீங்க" என்றேன். மறுநாள் காலை ரொட்டியைக் கடித்தவர் அப்படியே நிறுத்தி, "மூலைப் பீப்பாயையா நான் நிரப்புனேன்?" என்று கேட்டார். கனவு கண்டிருப்பீர்கள் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதேன்.

மருத்துவரிடம் போகலாம் என்றால், "வயசாச்சு, அவ்வளவுதான். புத்தகமா படிச்சு எனக்கு வியாதி கண்டுபிடிக்காதே பண்டிதையே" என்று ஏசுகிறார். பள்ளியில் பாதியோடு நின்ற நான் பிறகு சொந்த முயற்சியில் கற்றதெல்லாம் இவ்விஷயத்தில் எனக்கு உதவவில்லை. "சொலாஞ்ஜ் சொல்லட்டும், போறேன்" என்பதே அவருடைய முடிவு.

மீதமுள்ள பீப்பாய்களையாவது காப்பாற்ற, நிலவறைச் சாவியை எடுத்துவிட்டேன். அவர் வீடு முழுவதும் தேடினார். வாயில் வந்ததைச் சொன்னேன்: போன முறை வந்தபோது நீ மறதியாக எடுத்துச் சென்றுவிட்டாய் என்று. கோபப்படுவார் என அஞ்சினேன்; அவரோ முகம் மலர்ந்து, "கழுதை! சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான் அவ. எப்ப கொண்டு வர்றாளாம்?" என்றார். அன்று முதல் ஒவ்வொரு வேளை உணவின்போதும் அதே கேள்விதான். உன் பாட்டனார் செய்வித்தது இந்த ஒரே சாவி. என்னிடம் இருந்தால், அவர் கெஞ்சும் நேரத்தில் கொடுத்துவிடுவேன். ஆகவே அதைத் துணியில் சுற்றி இவ்வுறைக்குள் வைத்திருக்கிறேன். இனி நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அடுத்த நிரப்பலுக்குள் கதவு திறக்கப்படாவிட்டால், நிரப்பியே ஆக வேண்டிய வெள்ளை ஒயின் பீப்பாய்களும் புளித்துவிடும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை, சொலாஞ்ஜ். வந்துவிடு.

மாதாவின் அருள் உன் பயணத்தை ஆசீர்வதிக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் வாழ்த்துகளைச் சொல். சாவியைப் பெட்டியில் போடாதே, உடம்போடு வைத்துக்கொள். வாசலுக்கு வரும்போதே கையை உயர்த்தி அதைக் காட்டு. அவர் அங்கேதான் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார்.

உன் வரவையே நோக்கியிருக்கும் தாய்,
க்ளோத்தில்ட்