கை தூக்கும் பயிற்சி

மூன்று பிள்ளைகளையும் ஒரு புருஷனையும் ஒரே அதட்டலில் ஆளும் அக்காவின் சமூகத்துக்கு, கடல் தாண்டிய தம்பி எழுதுவது. அங்கே எல்லோரும் சுகமா? அத்தானின் இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. எட்டு வருஷமாக ஒரே லீவரை இழுத்து இழுத்து என் வலது கை யானைத் துதிக்கையாகிவிட்டது.

போன வாரம் கம்பெனிக்கு உடற்பயிற்சி வாத்தியார் ஒருவர் வந்தார். "ஒரே அசைவு உடம்பைத் தின்னுடும். நடக்கணும், குனியணும், நீட்டணும், எல்லாம் கலந்து செய்யணும்" என்றார். தங்கமான மனுஷர். பிறகு கைகளை மேலே தூக்கச் சொன்னார். யார் உடம்பு தேய்ந்துவிட்டது என்று குறித்துக்கொள்ள சூப்பர்வைசர் பேனாவோடு நின்றான்.

என் அறைக்கூட்டாளி மீசைக்குக் கை காதைத் தாண்டவில்லை.

"என்னடா மீசை, எனக்கு சலாம் போடுறியா?" என்றான் சூப்பர்வைசர்.

நான் வானம் கிழியச் சிரித்தேன். எல்லோரும் அவனையே பார்த்துச் சிரித்ததில், தோளுக்கு மேல் எழாத என் கையை ஒருவரும் கவனிக்கவில்லை. மறுநாளே மீசையை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவனுடைய மெஷினும் இப்போது என்னிடம்தான். அதற்கு இடது கை லீவர். "வாத்தியார் சொன்ன மாதிரி உனக்குப் பலவித அசைவு ஆச்சுல்ல!" என்று சூப்பர்வைசர் முதுகில் தட்டினான். சக்கரவர்த்திகளுக்கே இரண்டு ராஜ்யம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது.

முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை நாலு அனுப்பு அக்கா. பனியன் வேண்டாம். இத்தனை நாள் அதை என் தலைக்கு மேலே உருவிவிட்டவன் மீசைதான்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் தம்பி