நகராட்சிக்குத் தெரியாத குழி

அன்புள்ள என்னவருக்கு,

நானும் மகளும் சுகம். என் இடது கால் மட்டும் இன்னும் எங்கள் கட்சியில் சேரவில்லை. கட்டைப் பிரித்துவிட்டார்கள், ஒற்றை ஊன்றுகோலோடு வீட்டுக்குள் நடக்கிறேன். தையல் மெஷினை மிதிக்க முடியாததால் மோட்டார் பொருத்திப் பார்த்தேன். தொட்டால் பாய்கிறது, நிறுத்தினால் கேட்பதில்லை. நேற்று ஒரு பள்ளிச் சட்டையின் காலரை என் முந்தானையோடு சேர்த்துத் தைத்துவிட்டது. மகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வழக்கை வாபஸ் வாங்கு, நகராட்சியோடு நமக்கு என்ன மல்லுக்கட்டு, தம்பியின் வேலை போய்விடும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று புத்திமதி வேறு. ஆழம் எனக்கு நன்றாகத் தெரியும். இடுப்புக்கு மேலே ஒரு சாண். காலையும் விட்டாகிவிட்டது.

உங்கள் அக்கா போனில் பாதியைச் சொல்லி மீதியை அழுதிருப்பார். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

மருந்துக்கடை மூலையில் சாக்கடை மூடி உடைந்தது நீங்கள் ஊரில் இருந்தபோதே. சாக்கடைப் பிரிவு மேஸ்திரி என்ற முறையில் உங்கள் தம்பி புது மூடி கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனான். கையிருப்பு இல்லை என்பதே பதில். இந்த ஊரில் சாக்கடை ஆட்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் அவனும் செய்தான். நகராட்சிக் கிடங்கில் கிடந்த முதுகு ஒடிந்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து குழிக்குள் பாதி இறக்கி, மேலே சிவப்புத் துணி கட்டினான். தெருவே அதைச் சுற்றி நடக்கப் பழகிவிட்டது. மருந்துக்கடைக்கு வழி கேட்டால் நாற்காலிக்கு எதிரே என்றுதான் சொல்வோம்.

பூங்காவில் நீரூற்றுத் திறக்க நகராட்சித் தலைவர் வந்தார். அன்று காலையில் நகராட்சிப் பொறியாளர் உங்கள் தம்பியைக் கூப்பிட்டு, "தலைவர் இந்த வழியா வர்றாரு. அந்த நாற்காலி அசிங்கமா இருக்கு, தூக்கிடு. விழா முடிஞ்சதும் வெச்சுக்கலாம்" என்றாராம். குழி அசிங்கமில்லை, நாற்காலிதான் அசிங்கம். பலகையாவது போடட்டுமா என்று இவன் கேட்டதற்கு, நேரமில்லை என்று பூங்காவுக்கு அனுப்பிவிட்டார். விழா முடிந்தும் பந்தல் பிரிக்க ஆட்களை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள்.

மத்தியானம் பெய்த மழையில் தெருவெல்லாம் ஒரே தண்ணீர். நான் சீருடை மூட்டையோடு வந்தேன். நாற்காலியைக் காணோம். அப்பாடா, ஒருவழியாக மூடிவிட்டார்கள் என்று நினைத்தேன். நகராட்சியை நம்பினேன். என் பக்கம் கவனக்குறைவு ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான்.

எனக்காக வாதாடுகிற வக்கீலம்மா அனுப்பிய நோட்டீஸுக்கு அவர்கள் என்ன பதில் கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு குழி இருந்ததே நகராட்சிக்குத் தெரியாதாம். எழுத்து மூலம் யாரும் புகார் கொடுக்கவில்லையாம். தெரியாத குழிக்குப் பொறுப்பேற்க முடியாதாம். ஆனாலும் மனிதாபிமானத்தோடு கருணைத் தொகை தருகிறார்களாம், என் கவனக்குறைவால்தான் விழுந்தேன் என்று நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம். கருணை யாருக்கு வேண்டும்? கடமையைச் செய்திருந்தால் நான் பாட்டுக்கு மெஷினை மிதித்துக்கொண்டிருப்பேன். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொண்டுவந்த ஆள், யோசிங்கம்மா, இதெல்லாம் வருஷக்கணக்கா இழுக்கும் என்றார். இழுக்கட்டும், நானும் காலை இழுத்துக்கொண்டுதானே நடக்கிறேன் என்றேன்.

போன விசாரணையில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். ஏற்றினார்கள் என்றால் உண்மையிலேயே இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள், படி அவ்வளவு உயரம். நகராட்சி வக்கீல் நல்ல வாட்டசாட்டமான மனிதர், பேச்சில் சர்க்கரை. எத்தனை வருஷமாக அந்தத் தெருவில் நடக்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். கண் பார்வை எப்படி என்று கேட்டார். ஊசியில் நூல் கோக்கிற பார்வை என்றேன். பிறகு குரலை உயர்த்தி, "அந்த மூலையில சிவப்புத் துணி கட்டின நாற்காலி இருந்தது உங்களுக்குத் தெரியும்தானே? இவ்வளவு எச்சரிக்கை பண்ணியும் பார்த்து நடக்கலைன்னா தப்பு யாரோடது?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தபோதுதான் புரிந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, "குழியே தெரியாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. தெரியாத குழிக்கு எச்சரிக்கை வெச்சது யாரு?" என்று கேட்டார். வக்கீல் பொறியாளரைப் பார்த்தார். பொறியாளர் மின்விசிறியைப் பார்த்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து உங்கள் தம்பி எழுந்தான். நகராட்சிச் சட்டையோடு வந்திருந்தான். "நான்தாங்க வெச்சேன். எடுக்கச் சொன்னாங்க, நான்தாங்க எடுத்தேன்" என்றான். சொல்லிவிட்டும் உட்காரவில்லை. நீதிபதி அவனை அடுத்த விசாரணைக்குச் சாட்சியாக வந்து இதையே சத்தியம் செய்து சொல்லச் சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் அந்த வக்கீல் என்னிடம் வந்து, உங்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு விழுந்தவன் எல்லாம் வந்து நிற்பான் அம்மா, நகராட்சி என்ன ஆவது என்று நியாயம் கேட்டார். "விழுந்தவங்கதானே சார் வருவாங்க, விழாதவங்களா வருவாங்க?" என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நகராட்சி செய்ததைக் கேளுங்கள். இனி எந்தக் குழியருகிலும் ஊழியர்கள் எந்தப் பொருளையும் வைக்கக் கூடாது என்று உத்தரவு. வைத்தால் தெரியும் என்று ஆகிவிடுமாம். குழியை மூடு என்று ஒரு வரி எழுத எவருக்கும் கை வரவில்லை. ஆகவே நாங்கள் வைக்கிறோம். இஸ்திரிக்காரர் உடைந்த ஸ்டூல் கொடுத்தார், பேக்கரியம்மா ஒரு பழைய அலமாரிக் கதவே கொடுத்துவிட்டார். எல்லாவற்றிலும் நம் மகள் சிவப்பு பெயின்டில் எழுதினாள், "இந்தக் குழி நகராட்சிக்குத் தெரியும்" என்று. ஒவ்வொரு குழிக்கும் படம் எடுத்துப் பதிவுத் தபாலில் புகாரும் போட்டாயிற்று. எழுத்து மூலம் கேட்டார்களே, இந்தா வாங்கிக்கொள். இரண்டு தெருவில் மூடி போட ஆரம்பித்துவிட்டார்கள். நம் தெருவுக்கு இன்னும் வரவில்லை, ரோஷம் போலிருக்கிறது.

இனி உங்கள் தம்பி விஷயம். கோர்ட்டில் பேசியதற்கு விளக்கம் கேட்டு அவனுக்கு மெமோ வந்திருப்பது உண்மை. மேலதிகாரி சொல்லி நாற்காலியை எடுத்தவனை அவ்வளவு சுலபமாக வீட்டுக்கு அனுப்ப முடியாது என்கிறார் வக்கீலம்மா. அனுப்பவே மாட்டார்கள் என்று அவரும் சொல்லவில்லை. எனக்கும் பயம் இருக்கிறது, பொய் எழுத மாட்டேன். அவன் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள்.

போன வாரம் அவன் மனைவி வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள், வாங்கிக்கொள்வோம் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, கேஸை மட்டும் விட்டுடாதீங்க. அன்னிக்குக் கோர்ட்ல எந்திரிச்சு நின்ன பிறகுதான் அவரு ஒழுங்கா தூங்கறாரு. பேச வேண்டியது இன்னும் இருக்கு அவருக்கு" என்றாள். தம்பிக்காக வழக்கை விடு என்று எழுதினீர்களே, தம்பிக்காகவும்தான் நான் விட மாட்டேன். நான் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் பொறியாளருக்குத் தப்பில்லை, நகராட்சிக்குத் தப்பில்லை. பாரம் முழுவதும் நாற்காலியைத் தூக்கியவன் தலையில்தான் நிற்கும். என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார் என்பதற்காக நான் அதைச் செய்ய மாட்டேன். கோபித்துக்கொள்ளுங்கள், பிறகு சமாதானம் செய்கிறேன்.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன், அதை மட்டும் மறுக்காதீர்கள். நான் விழுந்த நாளிலிருந்து உங்கள் தம்பி நம் வீட்டுக்குள் வரவில்லை. வேலை முடிந்து தினமும் வருகிறான். கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அண்ணி கால் எப்படி இருக்கு என்று கேட்கிறான், என் காலைத் தவிர எல்லாவற்றையும் பார்க்கிறான், போய்விடுகிறான். உள்ளே வாடா என்று திட்டியும் பார்த்துவிட்டேன், கெஞ்சியும் பார்த்துவிட்டேன். நகராட்சியின் தப்பு என்று நீதிபதி ஒருநாள் எழுதுவார், எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது. அது வருகிற வரைக்கும் இவன் வெளியே நிற்க முடியாது.

அண்ணி விழுந்தது உன்னால் இல்லை என்று உங்கள் கைப்பட ஒரு வரி அவனுக்கு எழுதுங்கள். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறான். அண்ணன் சொன்னால் நம்புவான். விசாரணைக்கு முன்னால் அவன் கைக்குக் கிடைக்கிற மாதிரி அனுப்புங்கள்.

அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறீர்கள், பெல்ட்டை மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள். இந்தக் குடும்பத்தில் இனி ஒருவரும் விழக் கூடாது.

என்றும் உங்கள்,
ஒற்றைக்கால் பிடிவாதக்காரி